சின்ன எஸ்யூவியில் பின்சீற்றை மடித்துச் சாமான் ஏற்றுவது: முழுமையான வழிகாட்டி

வெசல், ரைஸ், விட்டாரா மாதிரி ஒரு சின்ன எஸ்யூவி வாங்கிய எல்லார் வீட்டிலும் முதல் மாதமே ஒரு குறை கேட்கும். "வெளியில பாத்தா பெரிய வாகனம், டிக்கி ரெண்டு சூட்கேசோட நிரம்பிப் போகுது." எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகளில் இந்த வகை வாகனம் நிற்கிறது. பலாலி விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றப் போவது, சுன்னாகம் சந்தையிலிருந்து மூட்டை கொண்டுவருவது, கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோவது என்று எல்லாவற்றுக்கும் அவற்றைத்தான் பாவிக்கிறோம்.

இடம் உண்மையிலேயே போதாமல் போன நாட்கள் குறைவு. பெரும்பாலும் நடப்பது வேறு: சாமான் எல்லாம் படலையடிக்கு வந்துவிடும், அம்மம்மா பின்சீற்றில் ஏறி இருந்துவிடுவா, அதற்குப் பிறகுதான் "ஒரு பக்கத்துச் சீற்றை மடிப்பமா?" என்று யாராவது கேட்பார்கள். அந்த நேரத்தில் மடித்தால் அவசரம், பிழை, முறிவு. அதனால் இந்த வழிகாட்டியில் ஒழுங்குதான் முக்கியம். படிகளை இடம் மாற்ற வேண்டாம்.

முன்கூட்டியே தேவையானவை

ஓர் அளவு நாடா. பழைய பாய் அல்லது தடித்த போர்வை. டிக்கி அகலத்துக்கு வெட்டிய ஒரு துண்டுப் படங்கு. இறுக்கும் பூட்டுள்ள இரண்டு பட்டிகள் (லொறிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், எலாஸ்ரிக் கயிறு இதற்கு உதவாது). ரயர் காற்று பார்க்கும் மானி. ஒரு சின்ன ரோர்ச் லைற். வாகனத்தோடு வந்த கையேடு ஜப்பான் மொழியில் இருந்தால், கைபேசியின் மொழிபெயர்ப்புக் கமராவால் சீற் பகுதியை மட்டும் ஒருமுறை வாசித்து வையுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு ஒவ்வொரு தடவையும் நெம்பிப் பார்க்கத் தேவையில்லை.

1. முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிறகுதான் சாமான்

எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்ற இரண்டு எண்ணிக்கையும் வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும்போது மூன்று பேர், வரும்போது ஐந்து பேரும் ஆறு சூட்கேசும் என்றால் மடிக்கிற கதையே இல்லை. ஓட்டோ ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பின்சீற் பெரும்பாலும் 60க்கு 40 என்று பிரிந்திருக்கும். 40 பக்கத்தை மடித்தால் பின்னால் இரண்டு பேர் இருக்கலாம். 60 பக்கத்தை மடித்தால் ஒருவர் மட்டும்தான். எந்தப் பக்கம் 60, எந்தப் பக்கம் 40 என்பது வாகனத்துக்கு வாகனம் மாறும். உங்கள் வாகனத்தில் இன்றைக்கே பார்த்து வையுங்கள். குழந்தைக்கான சீற் பொருத்தி இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது.

மடித்த சீற்றின் மேல் பிள்ளைகளை இருத்துவது எங்கள் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. "பக்கத்திலதானே, கோயிலடிக்கு" என்பார்கள். அங்கே பெல்ற் இல்லை, தலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பக்கமோ தூரமோ, இருத்தவே கூடாது.

2. லீற்றர் கணக்கை விட்டுவிட்டு நாடாவால் அளவுங்கள்

விளம்பரத்தில் டிக்கியின் கொள்ளளவை லீற்றரில் போடுவார்கள். அந்தக் கணக்குப் பரவலாக எடுக்கப்படுவது 20 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள சின்னக் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி. ஒரு கட்டை ஒரு லீற்றர். மூலை முடுக்கு, சில்லு வளைவுக்குப் பின்னால் உள்ள குழி எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டை போகும். உங்கள் சூட்கேஸ் போகாது. ரைசுக்குச் சொல்லப்படும் 369 லீற்றர்கூட அடிப்பலகையைக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து எடுத்த கணக்கு.

நீங்கள் அளவெடுக்க வேண்டியவை நான்குதான். இரண்டு சில்லு வளைவுகளுக்கும் இடையே உள்ள அகலம். சீற்றை மடிக்காமலும் மடித்தும் தரையின் நீளம். டிக்கிக் கதவின் வாய் உயரம். கதவை மூடியபின் கண்ணாடி சாய்ந்து வரும் இடத்தில் மேல்மட்ட நீளம். கடைசி அளவைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அடியில் சரியாக நிற்கும் சூட்கேஸ் மேலே கண்ணாடியில் முட்டி, கதவு பூட்டாமல் நிற்பது அதனால்தான்.

விமானத்தில் அனுமதிக்கப்படும் பெரிய சூட்கேஸ் நீளம், அகலம், உயரம் கூட்டினால் பொதுவாக 158 சென்ரிமீற்றருக்குள் வரும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிகள் எல்லாம் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் இருக்கும். ஒன்றை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தால் எத்தனை போகும் என்று தெரிந்துவிடும். அளவுகளைக் கைபேசியில் எழுதி வையுங்கள். தளபாடக் கடையில் நிற்கும்போது உதவும்.

3. எடையைக் கூட்டிப் பாருங்கள்

சீற்றை மடித்தவுடன் பின்பக்கம் ஒரு குட்டி லொறி மாதிரித் தெரியும். ஆனால் வாகனம் தாங்கும் எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே இறக்கிய வாகனங்களின் மொத்த எடை, அங்கே ஓர் ஆளுக்கு 55 கிலோ என்று கணக்கிட்டுப் பதியப்படுகிறது. ஐந்து பேருக்கு 275 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து அதற்குள் நிற்பது நல்லது. ஓட்டுபவர் 70 கிலோ, பக்கத்தில் இருப்பவர் 60 கிலோ என்றால் மிஞ்சுவது 145. ஐம்பது கிலோ சீமெந்துப் பை மூன்றை வைத்தாலே அந்தக் கணக்குத் தாண்டிவிடும்! "டிக்கியில இன்னும் இடம் கிடக்கு" என்று நான்காவது பையை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்சில்லு வளைவுக்குள் ரயர் உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் நம்புவார்கள்.

4. ஏற்றக்கூடாதவற்றை இப்போதே ஒதுக்குங்கள்

சாமான் பாதி ஏறிய பிறகு இந்த முடிவை எடுக்க முடியாது.

பெற்றோல் கலன் வேண்டாம். காஸ் சிலிண்டரைக் கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் நிமிர்த்தி, ஆடாமல் கட்டி, ஜன்னல்களைத் திறந்து, நேராக வீட்டுக்கு வாருங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கி நிற்கும். வெயிலில் நிறுத்திவிட்டுச் சந்தைக்குள் போகக்கூடாது.

முழு நீளப் பிவிசி குழாய், கதவு நிலை, பெரிய கட்டில் தலைப்பலகை இவற்றுக்குப் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பிடியுங்கள். டிக்கிக் கதவைத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடினால் நீட்டிய குழாய் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்துக்கு நேரே நிற்கும். புகைபோக்கியின் புகையும் உள்ளே இழுக்கப்படும். அந்தப் புகையில் உள்ள காபன் மோனொட்சைட்டுக்கு மணம் இல்லை.

5. சீற்றை மடிக்கும் ஒழுங்கு

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வாகனம் வெறுமையாக, தரை சமமாக உள்ள இடத்தில் நிற்கும்போது செய்யுங்கள்.

முதலில் டிக்கியையும் பின்சீற்றையும் முற்றாக வெறுமையாக்குங்கள். சீற்றுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் செருப்பு, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு சின்னப் போத்தல் இருந்தாலே சீற் முழுதாகப் படியாது. படியாத சீற்றைக் கையால் அமத்தி இறக்கினால் முறிவது பிணைச்சல்.

இரண்டாவது, முன்சீற்றை முன்னுக்குத் தள்ளி அதன் முதுகை நிமிர்த்துங்கள். பின்சீற் மடியும்போது ஹெட்ரெஸ்ற் முன்சீற்றின் முதுகில் முட்டும். வெசலில் பின்சீற் மடியும்போது கீழே அமிழ்ந்து முன்னுக்கும் நகர்வதால் இது இன்னும் அவசியம்.

மூன்றாவது, ஹெட்ரெஸ்றை முழுதாகக் கீழே இறக்குங்கள். இறக்கியும் முட்டினால் கழற்றி எடுங்கள். கழற்றியதை டிக்கிக்குள் எறியாமல் முன்சீற்றின் காலடியில் வையுங்கள். ஆட்களை இருத்தும்போது அது திரும்பவும் வேண்டும். வீட்டில் விட்டுவிட்டு வந்து, திரும்பும் பயணத்தில் ஹெட்ரெஸ்ற் இல்லாத சீற்றில் பெரியம்மாவை இருத்திக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பின்னாலிருந்து ஒரு சின்ன இடி விழுந்தாலே கழுத்துக்கு ஆபத்து.

நான்காவது, பெல்ற். தோள் பெல்ற்றை ஓரத்தில் உள்ள கொளுவியில் மாட்டி விடுங்கள். சில வாகனங்களில் நடுப் பெல்ற் கூரையிலிருந்து இறங்கி வரும். அதன் கீழ்க் கொழுக்கியைக் கழற்றிக் கூரைக்குள் போகவிடாமல் சீற்றை மடித்தால், சாமான் வைக்கும் இடத்தின் குறுக்கே பெல்ற் இழுபட்டு நிற்கும். பெல்ற்றின் கொழுக்கி குத்தும் பெட்டிகளையும் பாருங்கள். அவை சீற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தேடி எடுக்க அரை மணி நேரம் போகும்.

ஐந்தாவதாகத்தான் விசையைத் தொடவேண்டும். முதுகுப் பக்கத்தின் தோளில் ஒரு குமிழோ நெம்போ, அல்லது ஓரத்தில் ஒரு நாடாவோ இருக்கும். ஒரு கையால் விசையை இழுத்து, மறு கையால் முதுகைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். விட்டுவிட்டால் வேகமாக விழும். இடையில் பிள்ளையின் விரல் இருக்கக்கூடாது.

வெசலிலும் ஃபிட்டிலும் இன்னொரு வழி இருக்கிறது. எரிபொருள் தாங்கி முன்சீற்றுகளுக்கு அடியில் இருப்பதால் பின்சீற்றின் அடியில் இடம் வெறுமை. அதனால் நாம் இருக்கும் மெத்தைப் பக்கத்தை மேலே தூக்கி முதுகோடு சேர்த்து நிறுத்தலாம். தூக்கும்போது அதன் காலையும் மடித்துவிட வேண்டும். முன்சீற்றுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை ஓர் அறை கிடைக்கும். மாங்கன்று, தண்ணீர் இறைக்கும் மோட்டார், மடித்த சக்கர நாற்காலி எல்லாம் நிமிர்ந்தபடியே போகும். டிக்கி அப்படியே மிஞ்சும். இந்த வாகனத்தை ஐந்து வருடமாக வைத்திருந்தும் இதைத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. கன்றைப் படுக்கவைத்து முறித்துக் கொண்டுவருகிறார்கள்.

கடைசியாக, நகர்த்திய முன்சீற்றை ஓட்டுவதற்கு வசதியான இடத்துக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். முழங்கால் ஸ்ரேரிங்கில் முட்டிக்கொண்டு நானூறு கிலோமீற்றர் ஓட முடியாது. சீற் பின்னுக்கு வர இடமில்லையென்றால் ஓட்டுபவருக்குப் பின்னால் உள்ள பக்கத்தை நிமிர்த்தி, மறுபக்கத்தை மடியுங்கள்.

6. மேடு பள்ளத்தைச் சரிசெய்யுங்கள்

பல வாகனங்களில் மடித்த முதுகு டிக்கித் தரையோடு சமமாக வராது. ஒரு படியும் ஒரு சாய்வும் இருக்கும். உயரம் மாற்றக்கூடிய அடிப்பலகை இருந்தால் அதை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், படி குறையும். ஆனால் அந்தப் பலகை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் கனமான மூட்டைகளுக்குப் பலகையைக் கீழேயே விடுங்கள்.

எங்கள் வழி இதுதான்: பள்ளத்தில் அரிசிப் பையைக் கிடத்துவோம். அரிசி பள்ளத்தின் வடிவத்துக்கு அமர்ந்து, மேலே மட்டமான தரை கிடைக்கும். அதற்கு மேல் பாய், பாய்க்கு மேல் பெட்டிகள். பாயை விட்டால் உரப்பையின் சாயமும் மண்ணும் சீற்றின் முதுகில் ஏறிப் போகவே போகாது.

ஹைபிரிட் வாகனம் என்றால் இன்னொன்று பார்க்கவேண்டும். பலவற்றில் பின்சீற்றின் ஓரத்திலோ அடியிலோ கம்பிவலை மாதிரி ஒரு காற்றுத் துளை இருக்கும். பற்றரியைக் குளிர வைக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. அதைப் பாயாலோ பையாலோ மூடக்கூடாது. எங்கள் வெயிலில் அது மூடிக் கிடந்தால் பற்றரி சூடாகும்.

7. ஏற்றும் ஒழுங்கு

கனமானது முதலில், கீழே, முன்னுக்கு. பின்னால் ஆள் இருந்தால் நிமிர்ந்த சீற்றின் முதுகோடு ஒட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் மடித்திருந்தால் முன்சீற்றுகளின் முதுகோடு ஒட்டி வையுங்கள். கனம் டிக்கிக் கதவடியில் இருந்தால் பின்பக்கம் தாழும், முன்சில்லுகளின் பிடி குறையும். அதோடு, இடைவெளி விட்டு வைத்த மூட்டை பிறேக் அடிக்கும்போது அந்த இடைவெளி முழுதும் ஓடிவந்து மோதும்.

மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் மோதி அரை மீற்றருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையின் ஏறக்குறைய இருபது மடங்கு விசையோடு முன்னுக்கு வரும். பத்துக் கிலோ பை இருநூறு கிலோவாக வந்து மோதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பின்னால் ஆட்கள் இருக்கும்போது சீற் முதுகின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்தது, முதலில் இறக்கவேண்டியதைக் கடைசியில் ஏற்றுங்கள். ஏ9இல் கொழும்புக்குப் போகும் வழியில் வவுனியாவில் ஒரு பை கொடுக்கவேண்டுமென்றால் அது கதவடியில் இருக்கவேண்டும். ஜக், காற்றடிக்கும் பெட்டி, சில்லுக் கழற்றும் சாவி எங்கே இருக்கிறது என்று முதலே பார்த்து, அவை சாமானுக்கு அடியில் இருந்தால் வெளியே எடுத்து முன்சீற்றடியில் வையுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்குப் பளைக்கு அப்பால் றோட்டோரத்தில் முப்பது தேங்காயையும் இறக்கி வைத்துவிட்டு ஜக் தேடக்கூடாது.

மாம்பழப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே, வெயில் படாத பக்கம். கறுத்தக்கொழும்பானை அடியில் வைத்தால் போய்ச் சேரும்போது சாறுதான் மிஞ்சும். முருங்கைக்காய்க் கட்டு, பனங்கிழங்குக் கட்டு போன்ற நீளமானவை சில்லு வளைவுக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள சந்துகளுக்கு. பணியாரம், முறுக்குப் பேணிகள் முன்சீற்றுக்குப் பின்னால் காலடியில்.

இறால், நண்டு, மீன் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வந்தால், அந்தப் பெட்டியை ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள் இறக்கி, அடியில் படங்கு விரித்து வையுங்கள். ரேப் சுற்றினால் போதும் என்று நம்பவேண்டாம். எங்கள் மருமகன் ஒருமுறை நம்பினார். மணம் மூன்று மாதம் போகவில்லை. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் பெரிய பற்றரி டிக்கித் தரைக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே உப்புத் தண்ணீர் இறங்கினால் மணத்தோடு முடியாது.

8. கட்டுங்கள்

டிக்கியின் நான்கு மூலையிலும் பெரும்பாலும் கொழுக்கி வளையங்கள் இருக்கும். ஒரு பட்டியைக் குறுக்காக இட மூலையிலிருந்து வல மூலைக்கும், மற்றதை எதிர்க்குறுக்காகவும் போட்டு இறுக்குங்கள். பட்டியைக் கதவுக் கைபிடியிலோ பெல்ற் கொழுக்கியிலோ மாட்டக்கூடாது. அவை சாமான் கட்டுவதற்குச் செய்தவை அல்ல. பட்டியைக் கையால் பிடித்து ஆட்டினால் சாமானும் வாகனமும் சேர்ந்து ஆடவேண்டும். சாமான் மட்டும் ஆடினால் இன்னும் இறுக்கம் தேவை.

9. புறப்படும் முன் மூன்று பார்வை

ஓட்டுபவரின் கதவைத் திறந்தால் தூணில் ரயர்க் காற்றுக்கான ஒட்டுச் சீட்டு இருக்கும். ஜப்பான் வாகனங்களில் அது கிலோ பஸ்கலில் இருக்கும். 230 என்றிருந்தால் நம் காற்றடிக்கும் கடைக் கணக்கில் 33 பிஎஸ்ஐ. முழுச் சுமைக்கு வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ரயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள், ஓடிச் சூடான பிறகு மானி கூடக் காட்டும்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே எழும்பும். எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். ஸ்ரேரிங்குக்குப் பக்கத்தில் விளக்கைத் தாழ்த்தும் சிறு சில்லு இருந்தால் அதைத் திருப்பி, வீட்டு மதிலில் வெளிச்சம் விழும் உயரத்தைப் பாருங்கள். ஏற்றும் முன் விழுந்த உயரத்துக்குத் திரும்பவும் வரவேண்டும்.

உள் கண்ணாடியில் பின்பக்கம் தெரிகிறதா? தெரியாவிட்டால் மேல் அடுக்கை இறக்குங்கள். சரி, இறக்க முடியாத பயணம் என்றால் பக்கக் கண்ணாடி இரண்டையும் சரிசெய்து, பின்னுக்கு எடுக்கும்போது ஓர் ஆளை இறக்கிவிட்டு எடுங்கள்.

10. திரும்ப நிமிர்த்துவது

மடிக்கும்போது காட்டிய கவனத்தை நிமிர்த்தும்போது யாரும் காட்டுவதில்லை. களைப்பு, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம். ஆனால் ஆளுக்கு ஆபத்து வருவது இங்கேதான்.

முதலில் பூட்டுகிற வாயை ரோர்ச் அடித்துப் பாருங்கள். அரிசிமணி, தும்பு, சணல் நூல் அதற்குள் போயிருந்தால் தூரிகையால் எடுங்கள். வெசலில் மெத்தைப் பக்கத்தைத் தூக்கியிருந்தால், அதன் கால் வந்து நிற்கும் தரையையும் துடையுங்கள். காலை விரித்த பிறகுதான் இறக்கவேண்டும்.

பெல்ற்றை முன்னுக்கு எடுத்துப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்துங்கள். பெல்ற் முதுகுக்குப் பின்னால் அகப்பட்டால் பூட்டு முழுதாக விழாது. பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும். எங்கள் மாமாவின் வாகனத்தில் அப்படி நின்றது யாருக்கும் தெரியவில்லை. கோப்பாய்ப் பக்கம் மாடு குறுக்கே வர அவர் பிறேக் அடித்தபோது முதுகு முன்னுக்கு மடிந்து, பின்னால் இருந்த மாமியின் தோளில் மாப்பை ஏறியது. நல்லகாலம், வேகம் குறைவு.

அதனால் மூன்றையும் செய்யுங்கள். "கிளிக்" சத்தம் கேட்கவேண்டும். விசைக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் உள்ள வாகனமென்றால் அது மறைந்திருக்கவேண்டும். பிறகு முதுகின் மேல் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்குப் பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் திறந்து திரும்பவும் நிமிர்த்துங்கள்.

கழற்றிய ஹெட்ரெஸ்றைத் திரும்ப மாட்டி, இருப்பவரின் காதுமட்டத்துக்கு உயர்த்திப் பூட்டுங்கள். நடுப் பெல்ற்றின் கீழ்க் கொழுக்கியை மாட்டுங்கள். மூன்று பெல்ற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து, பூட்டி, கழற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஆட்களை ஏறச் சொல்லவேண்டும்.